காரின் ஃபேன் நின்றுபோனால்: டிரெக்ட் பண்ணுவதா, பழுதைத் தேடுவதா, ரேடியேட்டரை மாற்றுவதா?

வைகாசி பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் திருகோணமலைக் கராஜ்களில் ஒரே முறைப்பாடு திரும்பத் திரும்பக் கேட்கும்: "எஞ்சின் ஹீட் ஆகுது." வெளியே 35 பாகையைத் தாண்டிய வெயில், தார் வீதிக்கு மேலே அதைவிடக் கூட. ஏசி போடாமல் ஓட்ட முடியாது. அந்த நேரத்தில் கார்க்காரருக்குக் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் மூன்றுதான். ஃபேனை டிரெக்ட் பண்ணிவிடலாம் (பற்றரியிலிருந்து நேரடியாக வயர் கொடுப்பது), சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம், இல்லையென்றால் ரேடியேட்டரையே மாற்றிவிடலாம். எது பழுதென்று ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து தேடுவது என்று நான்காவது வழி ஒன்றும் இருக்கிறது. என் சார்பு அந்த நான்காவது வழிக்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம், ஏனென்றால் அவற்றில் இரண்டுக்கு உரிய நேரமும் இடமும் உண்டு.

இதில் அவசரப்படக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் போன ஐந்து வருடத்தில் நம்மிடம் இருந்த சன்னிகளும் கொரோலாக்களும் ஆல்ட்டோக்களும் இன்னும் கிழடாகிவிட்டன, விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. இந்தக் கார்களின் எஞ்சின் ஹெட் அலுமினியம். ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலே ஹெட் வளைந்து, அதற்கு அடியில் கசியாமல் அடைத்திருக்கும் காஸ்கட் போய்விடலாம். அதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒரு ஃபேன் மோட்டரின் விலை பெரிதே இல்லை.

எந்த வீதியில் சூடேறுகிறது?

பொனட்டைத் திறப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நம்ம ஊரில் இதைச் சோதிக்க வசதியான இரண்டு வீதிகள் இருக்கின்றன.

ஒன்று, பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதி. வெள்ளிக்கிழமையிலோ திருவிழாக் காலத்திலோ போனால் வாகனங்கள் ஊர்ந்துதான் போகும், நடுவில் மான்கள் குறுக்கே வந்தால் நிற்கவும் வேண்டும். அந்த வேகத்தில் ரேடியேட்டருக்குள் காற்று தானாகப் புகாது, ஃபேன்தான் இழுக்க வேண்டும். அங்கே டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் மேலே ஏறி, பிறகு உட்துறைமுக வீதியில் கொஞ்சம் வேகமாகப் போனதும் கீழே இறங்கினால் சந்தேகம் ஃபேன் பக்கம். ஃபேன் சுற்றவில்லை, அல்லது மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது ரேடியேட்டரின் வெளிப்பக்கம் அழுக்கால் அடைபட்டிருக்கிறது.

மற்றது ஏ6, கந்தளாய் ஊடாக ஹபரணைக்குப் போகும் வீதி. அங்கே 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஃபேன் இல்லாமலே போதிய காற்று வரும். டவுனுக்குள் ஒன்றும் இல்லாமல் இருந்த கார் அங்கே சூடேறினால் ஃபேனைக் குறை சொல்லிப் பயனில்லை. தண்ணீர் குறைந்திருக்கும், அல்லது ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும், தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் இருக்கும், வோட்டர் பம்ப் தள்ளாமல் இருக்கும். கீழ் ஹோஸ் பழசாகி, வேகத்தில் உறிஞ்சப்பட்டு ஒடுங்கினாலும் இதே அறிகுறிதான் வரும்.

இரண்டு வீதியிலும் சூடேறுகிறது, தண்ணீரும் அடிக்கடி குறைகிறது என்றால் கசிவு அல்லது ஹெட் காஸ்கட். அது தனிக் கதை, கீழே வருகிறேன்.

புதிய கார்கள் பலவற்றில் முள்ளே கிடையாது, நீலத்தில் ஒரு லாம்பும் சிவப்பில் ஒரு லாம்பும்தான். சிவப்பு எரியும்போது ஏற்கெனவே பிந்திவிட்டது. அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் காரின் கம்பியூட்டரோடு பூட்டும் கையடக்கமான ஓபிடி ஸ்கேனர் ஒன்றை வாங்கி ஃபோனில் பாகையைப் பார்ப்பது நல்லது. சும்மா ஓடும்போது 82க்கும் 95க்கும் இடையில் நிற்பது வழமை. நெரிசலில் 95ஐ ஒட்டி ஏறி, ஃபேன் போட்டதும் இறங்க வேண்டும். 105ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஓரங்கட்டுங்கள்.

ஃபேன் நின்றதற்குக் காரணம் ஃபேனாக இருக்க வேண்டியதில்லை

ஃபேன் சுற்றவில்லை என்றதும் மோட்டர் போய்விட்டது என்ற முடிவுக்கு வருகிறோம். பற்றரியிலிருந்து மோட்டர் வரைக்கும் கரண்ட் எத்தனை இடங்களைக் கடந்து வருகிறது என்று பாருங்கள்: பெரிய பியூஸ் (பெரும்பாலும் 30 அம்பியர்), ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்), ஒரு பிளக், மோட்டர், பிறகு பொடியில் இறுக்கிய எர்த் வயர். அந்த ரிலேயைப் போடச் சொல்வதற்கு வேறொரு பாதை இருக்கிறது: வெப்ப சுவிட்ச் அல்லது சென்சரும் கம்பியூட்டரும். இதில் எந்த இடத்தில் அறுந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான், ஃபேன் நிற்கிறது.

திருகோணமலையில் இதில் பிளக்கையும் எர்த்தையும்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். நம்ம டவுன் இரண்டு பக்கமும் கடல். உவர்மலையிலோ டொக்யார்ட் வீதியிலோ உப்புவெளியிலோ இரவில் வெளியே நிற்கும் காரின் மீது உப்புக் காற்று படிந்துகொண்டே இருக்கும். பிளக்கைக் கழற்றினால் உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும். மேலே பார்த்தால் வயர் நன்றாக இருப்பதுபோல் தெரியும், உறைக்குள் கறுத்திருக்கும். இப்படி இருக்கும்போது ஃபேன் சில நேரம் சுற்றும், சில நேரம் சுற்றாது, சுற்றினாலும் சோம்பலாகச் சுற்றும். கராஜுக்குக் கொண்டுபோனதும் ஒழுங்காகச் சுற்றி மானத்தை வாங்கும்.

சோதனை வரிசை இப்படி வைத்தால் நேரம் மிச்சம். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சில வினாடிகளில் ஃபேன் சுற்ற வேண்டும். ஒரே ஃபேன் உள்ள காரில் ஏசிக்குச் சுற்றி, சூட்டுக்கு மட்டும் சுற்றாமல் இருந்தால் மோட்டர் நல்லது, பழுது சென்சர் பக்கம் என்று பாதி வேலை முடிந்துவிட்டது. இரண்டு ஃபேன் உள்ள காரில் இதை வைத்து உடனே முடிவெடுக்க வேண்டாம். ஏசிக்கு ஒன்று, ரேடியேட்டருக்கு ஒன்று என்று தனித்தனி ரிலேயில் இருக்கும், நீங்கள் பார்ப்பது மற்றதாக இருக்கலாம்.

ஏசிக்கும் சுற்றவில்லையா? பியூஸைப் பாருங்கள். பிறகு பியூஸ் பெட்டியில் ஃபேன் ரிலேயை எடுத்து, அதே இலக்கமும் அதே கால்களும் உள்ள இன்னொரு ரிலேயோடு மாற்றிப் போடுங்கள். பல ஜப்பான் கார்களில் ஹோர்ன் ரிலே பொருந்தும். அதுவும் பலன் தரவில்லை என்றால் மோட்டரின் பிளக்கைக் கழற்றி, பற்றரியிலிருந்து பியூஸ் போட்ட இரண்டு வயரால் நேரடியாகக் கரண்ட் கொடுங்கள். விரலும் சட்டைக் கையும் ஃபேனுக்குக் கிட்ட வேண்டாம், பல கார்களில் சாவியை நிறுத்திய பிறகும் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும்.

நேரடிக் கரண்டில் மோட்டர் பலமாகச் சுற்றினால் மோட்டரை வாங்க வேண்டாம், பழுது அதற்கு முன்னால் எங்கேயோ இருக்கிறது. சுற்றவே இல்லை, அல்லது ஸ்க்ரூட்ரைவர் பிடியால் மெல்லத் தட்டினால்தான் சுற்றுகிறது என்றால் மோட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் கரித் துண்டான பிரஷ் தேய்ந்துவிட்டது. இடைப்பட்ட நிலை ஒன்றும் உண்டு: நேரடியாகக் கொடுத்தால் பலமாகவும், காரின் சொந்த வயரில் மெதுவாகவும் சுற்றும். அப்போது மல்டிமீட்டரை எடுத்து, ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பற்றரியின் நெகட்டிவுக்கும் மோட்டரின் எர்த் வயருக்கும் இடையில் அளவெடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அந்த போல்ட்டைக் கழற்றி, சுரண்டி, இறுக்கி, மேலே கிறீஸ் பூசினால் போதும். செலவே இல்லாமல் முடிகிற வேலை இது, ஆனால் இதே அறிகுறிக்கு மோட்டர் மாற்றியவர்கள் எத்தனையோ பேர்.

வெப்ப சுவிட்சில் ஒரு நுணுக்கம். பழைய டொயோட்டாக்கள் சிலவற்றில் அது குளிரில் மூடியிருந்து சூட்டில் திறக்கும், ஆகவே பிளக்கைக் கழற்றினாலே ஃபேன் சுற்ற வேண்டும். நிசான், ஹொண்டா பலவற்றில் சூட்டில்தான் மூடும், அங்கே பிளக்கின் இரண்டு முனையையும் ஒரு வயர்த் துண்டால் தொடுத்தால் சுற்ற வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் சோதித்தால் நல்ல சுவிட்சைக் கெட்டது என்று எறிந்துவிடுவோம். கம்பியூட்டர் கட்டுப்படுத்தும் கார்களில் கூலன்ட் சென்சரின் பிளக்கை எஞ்சின் ஓடும்போது கழற்றினால், பாதுகாப்புக்காகக் கம்பியூட்டர் ஃபேனைப் போட்டுவிடும். எல்லாக் கார்களிலும் அப்படி இல்லை, பலவற்றில் உண்டு. சுற்றினால் ரிலேயும் மோட்டரும் வயரும் நல்லவை. எஞ்சின் லாம்ப் எரியும், ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்தால் சரி.

இன்னொன்று. யாராவது ஏற்கெனவே மோட்டரைக் கழற்றிப் பூட்டிய கார் என்றால், ஒரு தாளை ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் பூட்டிய ஃபேன் தாளைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். தள்ளினால் வயர் மாறிப் பூட்டப்பட்டிருக்கிறது. பலமாகச் சத்தம் போட்டுச் சுற்றும், ஆனால் எஞ்சினின் சூட்டுக் காற்றைத் திருப்பி ரேடியேட்டருக்கே அனுப்பும்.

டிரெக்ட் பண்ணுவது

இப்போது பிரபலமான அந்த யோசனைக்கு வருவோம். ஃபேனுக்கு நேரடியாக ஒரு வயர் இழுத்து டாஷ்போர்டில் சுவிட்ச் வைப்பது, அல்லது சாவி போட்டதும் சுற்றுவதுபோல் இணைத்துவிடுவது. இதன் நன்மையை மறுக்க முடியாது. தம்பலகாமத்தில் வைத்து ஃபேன் நின்றுவிட்டது, கொழும்பிலிருந்து சாமான் வர இரண்டு நாளாகும், நாளைக்குப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் வேறு வழி இல்லை. பழுது சென்சரிலோ ரிலேயிலோ இருந்தால் இது கட்டாயம் வேலை செய்யும். மோட்டரே போயிருந்தால் எதுவும் நடக்காது என்பதையும் கவனியுங்கள்.

தற்காலிகமாகச் செய்ததை மறந்து வருடக்கணக்கில் ஓட்டுவதில்தான் சேதம் வருகிறது. சுவிட்ச் வைத்த காரைச் சொந்தக்காரர் ஓட்டும்போது நினைவில் இருக்கும். மச்சானோ மகனோ வாங்கிப் போனால் அவருக்குத் தெரியாது. அனுராதபுரச் சந்தி நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் போதும். சாவியோடு சுற்றவிட்டால் மறதிப் பிரச்சினை இல்லை, ஆனால் மோட்டர் தேவையில்லாத நேரமெல்லாம் ஓடி பிரஷ் சீக்கிரம் தேயும். ஃபேன் எப்போதும் ஓடினால் எஞ்சின் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும் என்று சிலர் பயப்படுவார்கள். தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருந்தால் அந்தப் பயம் வேண்டாம்.

எனக்குப் பயம் வயரில். ஃபேன் மோட்டர் 10 முதல் 20 அம்பியர் வரை இழுக்கும், தொடங்கும் கணத்தில் அதைவிடக் கூட. இதை வீட்டு மின்சாரச் சாமானுக்குப் பாவிக்கும் மெல்லிய வயரிலும், ஸ்பொட் லாம்புக்கான சின்னச் சுவிட்சிலும், பியூஸே இல்லாமல் கொடுத்திருப்பதை அடிக்கடி காணலாம். அந்த வயர் டாஷ்போர்டுக்குள்ளே சூடாகி உருகும். காருக்குள் நெருப்புப் பிடிக்க அது போதும்.

ஆகவே டிரெக்ட்தான் என்று முடிவெடுத்தால் வேலை செய்யும் பாஸிடம் (மெக்கானிக்கிடம்) இப்படிச் சொல்லுங்கள்: "பாஸ், சுவிட்சுக்கு நேரா மோட்டர் கரண்ட் கொண்டுவர வேண்டாம், நடுவில ரிலே ஒண்டு போடுங்க. பற்றரிக்குப் பக்கத்திலயே பியூஸ் இருக்கட்டும். தடிச்ச வயர் போடுங்க. பழைய ஓட்டோ லைனை வெட்டாதீங்க." கடைசி வரிதான் முக்கியம். பழைய தானியங்கி வயரை வெட்டாமல் அதற்குச் சமாந்தரமாகப் புது ரிலேயைக் கொடுத்தால், பிறகு சென்சரைத் திருத்தும்போது எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும், சுவிட்ச் ஒரு மேலதிக உதவியாக இருந்துவிட்டுப் போகட்டும். வெட்டி முறுக்கி டேப் சுற்றிய வயரைப் பின்னால் வரும் மெக்கானிக் நாள் முழுக்கத் தேட வேண்டியிருக்கும், அதற்கான கூலியும் நீங்கள்தான் கொடுப்பீர்கள்.

மோட்டரே போனது உறுதி என்றால் தேர்வு வேறு: பிரஷ் மாற்றுவதா, ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பழைய மோட்டரா, புதிதா? பிரஷ் மாற்றினால் மலிவு, ஆனால் பிரஷ் உரசும் செம்பு வளையமான கொம்யூட்டேட்டர் தேய்ந்து பள்ளமாகியிருந்தால் சில மாதத்தில் மறுபடி நிற்கும். ஆகவே கழற்றியதும் அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கழற்றி வந்த அசல் மோட்டர், கடையிலேயே பற்றரி கொடுத்துச் சுற்ற வைத்துப் பார்க்க முடிந்தால், மலிவான புதுப் போலியைவிட எனக்குப் பிடிக்கும். சுற்றும்போது அச்சில் ஆட்டமோ கரகரப்போ இருக்கக் கூடாது. இறக்கையும் அதைச் சுற்றிய கூடும் சேர்த்தே வாங்குங்கள். கூடு உடைந்தால் ஃபேன் ரேடியேட்டருக்குள்ளால் இழுக்காமல் பக்கத்துக் காற்றையே சுழற்றும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது

"நம்ம நாட்டுக்கு இது தேவையில்லை, குளிர் நாட்டுக்குத்தான்" என்று நல்ல அனுபவமுள்ளவர்களே சொல்வார்கள். மூன்று யோசனைகளில் நான் ஒருபோதும் ஏற்காதது இதுதான்.

தெர்மோஸ்டாட் திறந்திருக்கும்போது சூடான தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்புவது மட்டும் அதன் வேலை இல்லை. டொயோட்டா உட்படப் பல எஞ்சின்களில் அதன் அடியில் இன்னொரு தட்டு இருக்கும். தெர்மோஸ்டாட் திறக்கும்போது அந்தத் தட்டு, ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்குப் பாதையை மூடும். முழுதாகக் கழற்றி எறிந்தால் அந்தக் குறுக்குப் பாதை நிரந்தரமாகத் திறந்திருக்கும், சூட்டுத் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றி வரும். குளிரட்டும் என்று கழற்றிய கார் கந்தளாய் வீதியில் முன்பைவிடச் சூடேறுவதற்கு இது ஒரு காரணம். குறைந்த வேகத்திலோ நேர்மாறு: எஞ்சின் உரிய சூட்டுக்கு வராது, கம்பியூட்டர் இன்னும் குளிரென்று நினைத்து பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும், எஞ்சின் ஒயிலும் கெடும்.

சந்தேகம் இருந்தால் கழற்றிச் சோதியுங்கள், ஆனால் எறியாதீர்கள். சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். அதில் 82 என்று அடித்திருந்தால் அதை ஒட்டித் திறக்கத் தொடங்கி, கொதிக்கும்போது நன்றாகத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் புதியது வாங்குங்கள், இந்தப் பட்டியலில் மலிவான சாமான்களில் அது ஒன்று. பூட்டும்போது சின்னக் காற்று ஓட்டை மேல்பக்கம் வரட்டும்.

ரேடியேட்டர்: கழுவுவது, திறந்து துப்புரவாக்குவது, மாற்றுவது

ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் விரல் கூட நுழையாத ஒரு இடைவெளி உண்டு. மணலும் பூச்சியும் வைக்கோல் தூசும் அங்கேதான் படியும். தம்பலகாமம், கிண்ணியா பக்கம் அறுவடைக் காலத்தில் ஓடும் வாகனங்களில் இது படையாகவே இருக்கும். முன்னால் நின்று பார்த்தால் கண்டென்சர் மட்டும் தெரியும், சுத்தமாக இருக்கிறது என்று ஏமாந்துபோவோம். எஞ்சின் ஆறிய பிறகு, எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் கழுவ வேண்டும். சேர்விஸ் நிலையத்தில் பிரஷர் கன்னைக் கிட்டப் பிடித்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்றுப்பாதை நிரந்தரமாக அடைபடும். கழுவும்போதே தகடுகளை விரலால் தொட்டுப் பாருங்கள். கடல் உப்பு தின்ற ரேடியேட்டரில் அவை மாவாக உதிரும். உதிர்ந்தால் குழாய்கள் நன்றாக இருந்தாலும் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்க எதுவும் மிச்சமில்லை, அந்த ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டும். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல் பக்கம் கடலோரமாகவே நிற்கும் வாகனங்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

உள்ளே அடைத்ததற்கு நம்ம கிணற்றுத் தண்ணீரும் ஒரு காரணம். கடலோரக் கிணறுகள் பலவற்றில் உவர், உள்நாட்டுப் பக்கம் கல்சியம் கூடிய நீர். எஞ்சின் சூட்டில் அது கெட்டில் அடியில் படிவதைப்போலப் படியும். பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டராக இருந்தால் தலையை (குழாய்களின் முனையில் உள்ள தண்ணீர்த் தொட்டியை) ஈயம் உருக்கித் திறந்து, குழாய்களுக்குள் கம்பி விட்டுத் துப்புரவாக்கி, மறுபடி ஒட்டலாம். நன்றாகத் தெரிந்த கைகளில் இது அருமையான வேலை, பல வருடம் நிற்கும். டவுன்ஏஸ், பழைய ஹைஏஸ் வைத்திருப்பவர்கள் இதையே முதலில் யோசிக்கலாம். அலுமினியக் கோரும் (குழாயும் தகடும் சேர்ந்த நடுப்பகுதி) பிளாஸ்டிக் தலையுமாக வரும் இன்றைய ரேடியேட்டருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். மடித்த விளிம்பை நிமிர்த்தித் திறந்து மறுபடி மடிக்கும்போது கசிவு வரும் வாய்ப்பு அதிகம், பழைய பிளாஸ்டிக்கும் வெடிக்கும். வெடித்த பிளாஸ்டிக்குக்கு எபொக்சி பூசுவது வீட்டுக்குப் போய்ச் சேர மட்டும். கசிவை அடைக்கும் தூளையும் அப்படியே நினையுங்கள். கசிவை அடைக்கிற அதே தூள் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

மாற்றுவதென்றால் பழையதின் கோர் தடிப்பை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். வெளிநீளம், அகலம் ஒன்றாகவே இருக்கும், தடிப்பு மட்டும் குறைந்த மலிவு ரேடியேட்டர்கள் சந்தையில் உண்டு. மாரியில் தெரியாது, கச்சான் காலத்தில் தெரியும். ஓட்டோ கியர் காரென்றால் பெரும்பாலும் ரேடியேட்டரின் கீழ்த் தலைக்குள் கியர் ஒயிலைக் குளிர்விக்கும் குழாய் இருக்கும், வெளியே இரண்டு ஒயில் குழாய்கள் பூட்டியிருக்கும். உள்ளே அது பிய்ந்தால் கூலன்ட்டும் கியர் ஒயிலும் கலந்து இளஞ்சிவப்புப் பால்போல் வரும், கியர்பெட்டியும் போகும். ஆகவே ஓட்டோ கியர் காருக்குக் கழற்றி வந்த பழைய ரேடியேட்டர் வேண்டாம், புதிதாகவே வாங்குங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் மூடியைப் பாருங்கள். 0.9 அல்லது 1.1 என்று மேலே அடித்திருக்கும். அந்த அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் ஏறக்குறைய 120 வரை தாங்குகிறது. றப்பர் காய்ந்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது, ஃபேனும் ரேடியேட்டரும் நன்றாக இருந்தும் தண்ணீர் கொதித்து வெளியே தள்ளும். காலையில் ஆறிய காரில் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டியிருந்தாலும் சந்தேகம் மூடிதான், ஏனென்றால் ஆறும்போது ரிசேர்வரிலிருந்து (பக்கத்தில் இருக்கும் மேலதிகத் தண்ணீர்ப் போத்தல்) தண்ணீரைத் திருப்பி விடும் வால்வும் அதில்தான் இருக்கிறது. சூடான எஞ்சினில் இந்த மூடியை யாரும் திறக்க வேண்டாம். முகம், கை வெந்துபோகும்.

தண்ணீரா கூலன்ட்டா என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமானது. நம்ம ஊரில் உறைபனி இல்லை, ஆனால் கூலன்ட் போடுவது அதற்காக மட்டும் இல்லையே. அலுமினியமும் வோட்டர் பம்பும் அரிக்காமல் இருக்கவும், கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்தவும் அது வேண்டும். வாங்கிய கூலன்ட் கலக்க வேண்டிய வகையென்றால் பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரோடு சரிபாதியாகக் கலவுங்கள். அசிட் கலந்ததைத் தவறியும் எடுக்காதீர்கள். வடித்த பழைய கூலன்ட்டை வீதியோரம் ஊற்றவே கூடாது. இனிப்பாக இருப்பதால் ஆடு, மாடு, நாய் குடிக்கும், அது அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லும். நம்ம தெருக்களில் மாடும் மானும் அலையும்போது இதை இருமுறை சொன்னாலும் தகும்.

ஃபேனையும் ரேடியேட்டரையும் மாற்றியும் அடங்காத கார்

ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, ரிசேர்வரில் குமிழி நிற்காமல் வருவது, வெள்ளைப் புகையில் இனிப்பு மணம், ஒயில் மூடியில் பாலாடை: இவற்றில் இரண்டு ஒன்றாகத் தெரிந்தால் ஹெட் காஸ்கட்டைச் சோதிக்காமல் வேறு எந்தச் சாமானும் வாங்க வேண்டாம். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிறத் திரவக் கருவி ஒன்று இருக்கிறது. எஞ்சின் புகை தண்ணீருக்குள் வந்தால் திரவம் மஞ்சளாகும். அந்தக் கருவி வைத்திருக்கும் கராஜைத் தேடிப் போவது, ஊகத்தில் ஹெட்டைக் கழற்றுவதைவிட நூறு மடங்கு நல்லது.

அக்குவா, பிரியஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். இவற்றில் புதிய தலைமுறைக் கார்களின் வோட்டர் பம்ப் பெல்ட்டில் ஓடுவதில்லை, மின்சாரத்தில் ஓடுகிறது. பம்ப் நின்றாலும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் மட்டும் சூடேறும். இன்வேர்ட்டருக்கு வேறொரு கூலன்ட் ரிசேர்வர் உண்டு, பின்சீற்றுப் பக்கம் ஹைபிரிட் பற்றரிக்குத் தனி ஃபேனும் உண்டு. ஸ்கேனர் இல்லாமல் இவற்றில் கை வைக்க வேண்டாம், டிரெக்ட் என்ற பேச்சே வேண்டாம்.

எங்கே செய்விப்பது என்பதும் ஒரு தேர்வுதான். கொழும்பு 260 கிலோமீட்டர். சூடேறும் காரை அவ்வளவு தூரம் ஓட்டிப் போவதைவிட, பழுதை இங்கேயே உறுதிப்படுத்தி, சாமானின் இலக்கத்தையும் படத்தையும் அனுப்பி கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலிருந்து வரவழைப்பது மேல். இங்கே நல்ல ஓட்டோ எலக்ட்ரீஷன்கள் இருக்கிறார்கள். ஃபேன் பழுதுக்கு எஞ்சின் பாஸைவிட அவர்களிடமே முதலில் போங்கள்.

வழியில் சூடேறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரைச் சூட்டுப் பக்கம் முழுதாகத் திருப்பி, காற்றைக் கூட்டி, நிழலில் ஒதுக்குங்கள். எஞ்சினுக்குள் இருக்கும் சூட்டில் ஒரு பங்கு காருக்குள் வந்துவிடும், வியர்த்துக் கொட்டினாலும் ஹெட் தப்பும். எஞ்சின் மீது பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. குறைந்தது முக்கால் மணித்தியாலம் ஆறவிட்டே மூடியைத் தொடுங்கள். இரவு நேரம் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் என்றால் காட்டோரம் பொனட்டைத் திறந்துகொண்டு நிற்காதீர்கள், யானை வரும் வீதி அது. ஹீட்டரைப் போட்டு மெதுவாக ஒரு கடையோ காவலரணோ இருக்கும் இடம் வரை கொண்டுபோக முடியுமா என்று பாருங்கள். முள் சிவப்பைத் தொட்டால் இருந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்தி, காருக்குள்ளேயே இருந்து யாரையாவது கூப்பிடுங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்துத் திருத்தினாலும் கூலன்ட் நிரப்பியபின் காற்றை வெளியேற்றாமல் காரை எடுக்காதீர்கள். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் பண்ணி, ஹீட்டரைச் சூட்டுப் பக்கம் வைத்து, மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டு குமிழி நிற்கும்வரை ஓடவிட்டு மூடுங்கள். பிறகு ஃபேன் ஒருமுறை தானாகப் போட்டு, தானாக நிற்கும்வரை பக்கத்திலேயே நின்று பாருங்கள். அதைக் காட்டாமல் கராஜில் காசு கொடுக்க வேண்டாம். மறுநாள் காலை ஆறிய நிலையில் மட்டத்தை மறுபடி பாருங்கள், முதல் இரவில் கொஞ்சம் இறங்குவது வழமை. மூன்றாம் நாளும் இறங்கினால் எங்கேயோ கசிகிறது, அன்றே திரும்பக் கொண்டுபோங்கள்.